நான்கு டிகிரி அறை

மே மாதத்துச் சென்னையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள் சிலர் உண்டு. நான் அவர்களில் ஒருத்தி. எங்கள் ஆய்வுக்கூடத்தின் கோடியில், கனத்த கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. எந்நேரமும் 4 டிகிரி. கோல்ட் ரூம் என்போம். வெளியே தார்ச்சாலை இளகிக் கிடக்கும். உள்ளே விரல் மரத்துப்போகும். கண்ணாடிக் குழாய்களில் இருந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சொட்டுகளை வரிசையாகச் சிறு ட்யூப்களில் பிடித்து, என் புரதம் எந்த ட்யூபில் இருக்கிறது என்று தேடுவது என் தொழில். 1998-ல் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான்.

“பருப்பிலயும் முட்டையிலயும் இருக்குற சத்துதானே? அதை எதுக்கு இத்தனை வருஷமா சுத்தம் பண்றே?” என்று என் அத்தை கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. புரதம் என்று ஒருமையில் சொல்லிச் சொல்லியே நாம் அதை மாவு மாதிரி ஒரே பொருளாக ஆக்கிவிட்டோம். ஈ.கோலை என்ற பாக்டீரியா கண்ணுக்கே தெரியாது. அதற்குள் 4,000-க்கும் மேற்பட்ட வகைப் புரதங்களைச் செய்வதற்கான மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், ஒரு வேலை. சர்க்கரையை உடைப்பது ஒன்று, டி.என்.ஏ.வின் முறுக்கைப் பிரிப்பது ஒன்று, வேண்டாததை வெளியே தள்ளுவது ஒன்று. திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஒருவரை, அவர் சட்டை கசங்காமல், வெளியே அழைத்து வர வேண்டும். சுத்திகரிப்பு என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

முதல் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேராசிரியர் இல்லை. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். அந்த அறையில் அவருக்கு அப்போதே இருபது வருடப் பழக்கம். சேர்ந்த வாரம், புரதக் கரைசல் இருந்த ட்யூபைக் கையில் வைத்து நன்றாகக் குலுக்கிக்கொண்டிருந்தேன். ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். “ஏம்மா, டீ ஆத்துற மாதிரி ஆத்துறியே! நுரை வந்தா செத்துப்போயிடும்மா.”

புரதம் சாகுமா என்று அன்று புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆம்லெட்டுக்கு முட்டையை அடிக்கும்போது எழும் நுரையைப் பாருங்கள். நீரில் மடங்கிக் கிடந்த புரதம், காற்றைத் தொடும் விளிம்புக்கு வந்ததும் விரிந்துவிடுகிறது. விரிந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் குமிழியின் சுவராகின்றன. நுரை நிற்பதே புரதம் குலைந்ததால்தான். என் ட்யூபிலும் அதுவே நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் உழைப்பைப் பத்து வினாடியில் நுரையாக்கிவிடலாம்.

அந்த மாதக் கடைசியில் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு சிறு புட்டி வெள்ளைப் பொடியைக் கொடுத்தார். கோழிமுட்டை வெள்ளைக்கருவில் இருந்து எடுத்த லைசோசைம். பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் என்சைம் அது. முட்டையைக் காக்கும் காவல்களில் ஒன்று. நம் கண்ணீரிலும் உண்டு. “இதைப் படிகமாக்கிக் கொண்டு வாம்மா, அப்புறம் பேசலாம்” என்றார். அசிட்டேட் பஃபரில் கரைத்தேன். பி.எச். நாலரைக்குப் பக்கம். சமையல் உப்பேதான், சோடியம் குளோரைடு, அதை இன்னொரு கரைசலாக வைத்துக்கொண்டேன். இரண்டிலும் ஒவ்வொரு துளி எடுத்து ஒரு கவர் ஸ்லிப்பில் சேர்த்து, ஸ்லிப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, உப்புக்கரைசல் இருக்கும் குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி ஒட்டினேன். துளி தொங்கிக்கொண்டிருக்கும். அதிலிருக்கும் நீர் ஆவியாகி மெல்ல மெல்லக் கீழே இருக்கும் கரைசலுக்குப் போகும். துளி கெட்டிப்படும். புரதத்துக்குக் கரைந்திருக்க இடம் போதாது.

மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். கற்கண்டு உடைத்துப் போட்டது போல, முனை முனையாக, ஒளியை வெட்டிக்கொண்டு கிடந்தன. நான் கூச்சலிட்டதில் பக்கத்து அறையில் இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

பேராசிரியர் பார்த்துவிட்டு, “உப்பா, புரதமா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. மெல்லிய ஊசி ஒன்றைக் கொடுத்து ஒரு படிகத்தைத் தொடச் சொன்னார். உப்புப் படிகம் என்றால் ஊசிக்கு அடியில் நறுக்கென்று எதிர்க்கும், கைக்கே அந்தக் கடினம் தெரியும். இது பொரிகடலைப் பொடியாக உதிர்ந்தது. நீலச் சாயம் ஒரு துளி விட்டால் மற்ற படிகங்கள் அதைக் குடித்து நீலமாயின. உப்புப் படிகத்தில் சாயம் நுழைய இடமில்லை. புரதப் படிகத்தின் கன அளவில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மூலக்கூறுகள் அங்கங்கே மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், நடுவே நீர்வழிகள் ஓடும். படிகத்துக்குள்ளும் பல என்சைம்கள் தம் வேலையைச் செய்கின்றன. இதைக் கேட்ட அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

அந்தக் கற்கண்டுத் துண்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு மூலக்கூறும் 129 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. சரத்தில் சில மணிகளுக்கு நீர் பிடிக்கும், சிலவற்றுக்குப் பிடிக்காது. பிடிக்காதவை எண்ணெய் போல ஒன்றுகூடி உள்ளே ஒளிந்துகொள்கின்றன. பிடித்தவை வெளியே நிற்கின்றன. இந்த ஒளிதலும் நிற்றலும்தான் பெரும்பாலும் மடிப்பைத் தீர்மானிக்கின்றன. மடிந்த பிறகு, சரத்தில் எங்கெங்கோ தூரத்தில் இருந்த மணிகள் ஓரிடத்தில் சந்திக்கின்றன. லைசோசைமில் அப்படிச் சந்திக்கும் பள்ளத்தில்தான் பாக்டீரியாச் சுவரின் சர்க்கரைச் சங்கிலி வந்து அமர்ந்து அறுபடுகிறது. மடிப்பைக் கலைத்தால் 129 மணிகளும் அப்படியே இருக்கும். பள்ளம் இருக்காது, வேலையும் இருக்காது.

மடிப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் செய்த சோதனையைப் போல் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. ரைபோநியூக்ளியேஸ் என்ற என்சைம், 124 அமினோ அமிலங்கள், அவற்றில் 8 சிஸ்டீன். இரண்டிரண்டாகக் கைகோத்து 4 கந்தகப் பாலங்கள். யூரியாவைப் போட்டு மடிப்பைக் கலைத்தார், பாலங்களையும் முறித்தார். என்சைம் செயலிழந்தது. யூரியாவை நீக்கிக் காற்றுப்பட வைத்தார். வேலை திரும்பி வந்தது. எட்டு சிஸ்டீனும் ஜோடி சேர 105 வழிகள் உண்டு. சரியான ஒரே வழிக்கு அது தானாகவே போய்ச் சேர்ந்தது. மடிப்புக்கான செய்தி சரத்திலேயே இருக்கிறது. 1972-ல் இதற்காக அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு ஒரு மாணவி என்ன நினைப்பாள்? சரம் கையில் இருந்தால் போதும், மற்றது தானே நடக்கும் என்று நினைப்பாள். நானும் அப்படித்தான் எட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2006-ல் எனக்கு ஒரு கைனேஸ் வேலை வந்தது. கைனேஸ் என்பது செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யில் இருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து வேறொரு புரதத்தின் மேல் ஒட்டுகிற என்சைம். மனித மரபணுத்தொகுதியில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. எனக்கு வாய்த்தது, கோழியின் ‘சார்க்’. புற்றுநோய் ஆய்வின் வரலாற்றில் இதற்குத் தனி இடம். 1911-ல் பெய்டன் ரௌஸ், கோழிக்கு வரும் ஒரு கட்டி வைரஸால் பரவுகிறது என்று காட்டினார். 1966-ல்தான் நோபல் கொடுத்தார்கள். அந்த வைரஸில் கட்டியை உண்டாக்கும் மரபணு, கோழியின் சொந்த மரபணுவில் இருந்து வைரஸ் திருடியது என்று மைக்கேல் பிஷப்பும் ஹெரால்ட் வார்மஸும் 1970-களில் காட்டினார்கள், அவர்களுக்கு 1989-ல். நோயை உண்டாக்குவது வெளியே இருந்து வந்த பகை இல்லை. நம் செல்லின் சொந்தப் புரதம்தான், கட்டுப்பாடு மட்டும் அறுந்துபோனது.

அதை ஈ.கோலைக்குள் செய்ய வைத்துச் சுத்தமாக எடுக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. மரபணுவை பாக்டீரியாவில் ஏற்றினோம். 37 டிகிரியில் வளர்த்து, ஐ.பி.டி.ஜி. சேர்த்து, “இனி செய்” என்று சைகை கொடுத்தோம். பாக்டீரியாவை உடைத்து சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினோம். எங்கள் தொழிலில் நாளும் பொழுதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “மேலயா, பெல்லட்லயா?” மேலே தெளிந்த நீரில் இருந்தால் புரதம் ஒழுங்காக மடிந்து கரைந்திருக்கிறது. அடியில் பெல்லட்டில் இருந்தால், குலைந்து திரண்டு கிடக்கிறது. என் புரதத்தின் கோடு, பேன்ட் என்போம், முழுக்கப் பெல்லட்டில். தடித்த நீலக்கோடு. மேலே ஒன்றுமில்லை. பாக்டீரியாவும் சரியாக வளரவில்லை.

ஏழு மாதம் இப்படிப் போனது. யூரியாவில் கரைத்து அன்ஃபின்சன் வழியில் மீண்டும் மடிக்கப் பார்த்தேன். டயலிசிஸ் பையில் யூரியா குறையக் குறையக் கரைசல் கலங்கி, காலையில் வந்து பார்த்தால் திரிந்த பால். உவமைக்காகச் சொல்லவில்லை, பால் திரிவதும் இதற்கு உறவுதான். பாலின் கேசீன் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கக் காரணம் அவற்றின் மேலிருக்கும் மின்சுமை. புளிப்பு ஏறி பி.எச். 4.6-ஐத் தொட்டால் சுமை தீர்ந்துபோகிறது, விலக்க எதுவுமில்லை, எல்லாம் ஒன்றோடொன்று திரள்கின்றன. அதனால்தான் எந்தப் புரதத்தையும் அதன் சுமை தீரும் பி.எச்.சுக்குப் பக்கத்தில் நாங்கள் வைப்பதில்லை. இந்த விதியெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பை கலங்கியது.

அண்ணன்தான் ஒருநாள் ஷேக்கரின் பக்கத்தில் நின்று, “இவ்ளோ சூட்டுல அவசரப்படுத்துறியேம்மா” என்றார். அவருக்குக் கைனேஸ் என்றால் என்னவென்று தெரியாது. கை மட்டும் தெரியும். 37-ஐ 18 டிகிரிக்கு இறக்கினோம். அந்தக் குளிரில் பாக்டீரியா மெதுவாகச் சரம் கோக்கும். மடிய அவகாசம் கிடைக்கும். தெளிநீரில் பேன்டின் மெல்லிய நிழல் ஒன்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மீதிக் காரணம் ஓர் ஆய்வுக்கட்டுரையில் இருந்தது. 2005-ல் ஜான் குரியனின் குழு ஒரு வழிமுறையை வெளியிட்டிருந்தது. சார்க் டைரோசினில் பாஸ்பேட் ஒட்டும் கைனேஸ். பாக்டீரியாவுக்குள் அதைத் தட்டிக்கேட்க ஆளில்லை; கண்ட புரதத்திலெல்லாம் பாஸ்பேட்டை ஒட்டி, தன்னைச் சுமக்கும் செல்லையே நோகடிக்கிறது. அதற்கு மாற்று: பாஸ்பேட்டைக் கழற்றுகிற ஒரு பாஸ்படேஸையும் அதே பாக்டீரியாவில் கூடவே செய்ய வைப்பது. அவர்கள் எடுத்தது யெர்சினியாவின் பாஸ்படேஸ். பிளேக் கிருமி அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது. ஒட்ட ஒருவர், கழற்ற ஒருவர். அப்படிச் செய்த முதல் வாரமே என் புரதம் தெளிநீரில் வந்தது. நிக்கல் ஏற்றிய குழாயில் பிடித்து, இமிடசோல் விட்டு இறக்கியபோது, ஜெல்லில் 52 கிலோடால்டனுக்குப் பக்கத்தில் ஒரே கோடு. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜெல்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

நான் சரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ஃபின்சன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவருடையது சிறிய, உறுதியான புரதம், நெரிசலில்லாத கண்ணாடிக் குடுவை. செல்லுக்குள் நெரிசல், பாதி மடிந்தவை பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் செல்லிலேயே சாப்பரோன்கள் என்ற துணைப் புரதங்கள் இருக்கின்றன. பாக்டீரியாவின் க்ரோ-இ.எல். அவற்றில் பேர்பெற்றது: ஏழேழாக இரண்டு வளையம், 14 உறுப்பு, நடுவே ஒரு குழி. மடியத் தடுமாறும் சரத்தை அந்தக் குழிக்குள் தனியே அடைத்து, மூடி போட்டு, மடிய விட்டு வெளியே அனுப்பும். ஒவ்வொரு முறையும் ஏ.டி.பி. செலவு. மடிப்பை அத்தனை விலை கொடுத்துக் காக்கிறது செல்.

ஏன் இத்தனை பலவீனமாக இருக்கிறது புரதம்? எனக்கு இந்தக் கேள்வி கோபமாகவே இருந்தது. கணக்கைப் பாருங்கள். மடிந்த நிலைக்கும் குலைந்த நிலைக்கும் இடையே உள்ள வித்தியாசம், பெரும்பாலான புரதங்களுக்கு ஒரு மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரி. ஓர் ஏ.டி.பி. உடையும்போது கிடைப்பதே ஏழு சொச்சம். ஆயிரக்கணக்கான அணுக்கள் சேர்ந்து நிற்கும் ஒரு கட்டடம், ஒன்றிரண்டு ஏ.டி.பி. அளவு விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது. நுரை போதும், இளஞ்சூடு போதும், அது சரிய.

பதிலைச் சார்க்கே சொன்னது.

சார்க்கின் கைனேஸ் பகுதிக்கு முன்னால் இரண்டு சிறு அங்கங்கள் இருக்கின்றன. பின்னால் ஒரு வால். வாலில் 527-ஆம் இடத்தில் ஒரு டைரோசின். அதில் ஒரு பாஸ்பேட் ஒட்டினால், முன்னால் இருக்கும் அங்கங்களில் ஒன்று வாலைக் கவ்விக்கொள்ளும். மொத்தப் புரதமும் தன்னைத்தானே கட்டிக்கொண்டு மூடிவிடும், கதவில் தாழ்ப்பாள் விழுந்தது போல. பாஸ்பேட்டைக் கழற்றினால் தாழ்ப்பாள் விலகும், கதவு திறக்கும், கைனேஸ் வேலை செய்யும். ரௌஸின் வைரஸ் திருடிய சார்க்கில் இந்த வால் இல்லை. வேறு ஏதோ துண்டு ஒட்டியிருக்கிறது. தாழ்ப்பாளே இல்லாத கதவு. கோழிக்குக் கட்டி வந்தது அதனால்தான். 1997-ல் இந்த மூடிய வடிவத்தைப் படிகத்தில் கண்டார்கள்.

வாலில் அந்தப் பாஸ்பேட்டை ஒட்டுகிற என்சைமின் பெயர் சி.எஸ்.கே. சென்னையில் அந்த மூன்றெழுத்தை எழுதிய ட்யூபைப் பார்த்துப் புது மாணவர்கள் முகம் மலர்வார்கள். பாக்டீரியாவில் சி.எஸ்.கே. கிடையாது, ஆகையால் நான் எடுத்த சார்க் திறந்த நிலையில் இருந்தது. அளந்து பார்த்தேன், நல்ல வேகம். பிறகு சி.எஸ்.கே.யையும் ஏ.டி.பி.யையும் சேர்த்து வைத்திருந்து மறுபடி அளந்தேன். வேகம் சரிந்தது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கொடுத்தபோது, பழைய உச்சிக்குப் பக்கத்தில் 80 டால்டன் தள்ளிப் புது உச்சி. 52,000 எடையுள்ள ஒன்றில் 80! ஆளின் மேல் ஒரு பொட்டு வைத்தது போல. அந்தப் பொட்டுக்காக ஆள் முழுக்கத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.

புரதம் பாறை போல உறுதியாக இருந்திருந்தால் இது நடக்காது. இரண்டு எதிர்ச்சுமையைத் தாங்கிய ஒரு சிறு பாஸ்பேட் வந்து ஒட்டியதும் மொத்த வடிவமும் மாற வேண்டுமானால், அது முதலில் இருந்தே விளிம்பில் நின்றாக வேண்டும். ஏழு மாதம் என்னை அழவைத்த அதே பலவீனம்தான் செல்லின் கையில் இருக்கும் கடிவாளம். இது எனக்குப் புரிந்த பிறகு புரதத்தின் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

பாஸ்பேட் இப்படித் தாழ்ப்பாளாக வேலை செய்யும் என்பதை முதலில் கண்டதும் என்னைப் போன்ற சுத்திகரிப்பாளர்கள்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை. 1950-களின் நடுவில், சியாட்டிலில், எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் தசையில் இருந்து பாஸ்ஃபரிலேஸ் என்ற என்சைமை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கார்ல், கெர்ட்டி கோரி தம்பதியின் பழைய முறையில் தசைச்சாற்றை வடிதாளில் வடிகட்டுவார்கள்; செயலுள்ள என்சைம் கிடைக்கும். இவர்கள் வடிதாளை விட்டுவிட்டு சென்ட்ரிஃப்யூஜில் தெளிய வைத்தார்கள். செயலற்ற என்சைம் கிடைத்தது. வடிதாளைத் திரும்பக் கொண்டுவந்தால் செயல் திரும்பியது. காகிதத்தில் அழுக்காக ஒட்டியிருந்த கால்சியம் ஒரு கைனேஸைத் தூண்டிவிட, அது பாஸ்ஃபரிலேஸில் பாஸ்பேட்டை ஒட்டியிருக்கிறது. வேறொருவராக இருந்தால் “இந்த பேட்ச் சரியில்லை” என்று கொட்டியிருப்பார். இவர்கள் கொட்டவில்லை. 1992-ல் இருவருக்கும் நோபல். என் மாணவர்கள் ஒரு பேட்ச் வேலை செய்து ஒரு பேட்ச் செய்யவில்லை என்று வந்து நின்றால் இந்த வடிதாள் கதையைச் சொல்லித்தான் உட்கார வைப்பேன்.

கிண்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, 1954-ல் கொலாஜனுக்கு மூவிழைச் சுருள் அமைப்பைச் சொன்னார். நம் தோலையும் தசைநாணையும் எலும்பையும் பிடித்து நிற்பது கொலாஜன். அதில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின். மூன்று இழைகளும் நெருங்கும் நடுப்பகுதியில், பக்கக்கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜனை வைத்திருக்கும் அந்தச் சிறிய கிளைசினுக்கு மட்டும்தான் இடமுண்டு. பிறகு 1963-ல், சி. ராமகிருஷ்ணனுடனும் வி. சசிசேகரனுடனும் சேர்ந்து ஒரு வரைபடம். புரதச் சரத்தில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு திருப்புக் கோணங்கள் உண்டு, ஃபை, சை. அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல் எந்தெந்தக் கோணங்களில் சரம் திரும்ப முடியும்? கணக்கிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்கள் இடிக்கும். அனுமதிக்கப்பட்ட தீவுகள் சிலவே. இன்று உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்தில் புரத அமைப்பைத் தீர்த்தாலும், அது சரிதானா என்று பார்க்கத் திறப்பது அந்தப் படத்தைத்தான். பெயரே ராமச்சந்திரன் பிளாட்.

என் கதை ஒன்று. பாக்டீரிய என்சைம் ஒன்றின் அமைப்பைத் தீர்த்து முடித்திருந்தோம். ராமச்சந்திரன் படத்தில் எல்லாப் புள்ளிகளும் தீவுக்குள். ஒன்று மட்டும் கடலில், சிவப்பாக. அது செயல்மையத்துக்குப் பக்கம் இருந்ததால், “இது விசேஷமான வளைவு, இதைப் பற்றியே தனிக்கட்டுரை எழுதலாம்” என்று நான் நம்பிவிட்டேன். அப்படி உண்மையிலேயே தீவுக்கு வெளியே நிற்கும் புள்ளிகள் உண்டு. நம்பிக்கை முழுப்பிழை இல்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, “மேப்பைத் திரும்பப் பாரும்மா” என்றார். எலக்ட்ரான் அடர்த்தியைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு பெப்டைடை நான் தலைகீழாகப் பொருத்தியிருந்தேன். திருப்பி வைத்ததும் சிவப்புப் புள்ளி தீவுக்குள் வந்துவிட்டது. கிண்டியில் போட்ட கணக்கு, நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து, சில மைல் தள்ளி உட்கார்ந்திருந்த என்னைத் திருத்தியது. அந்த வளாகத்தைப் பேருந்தில் தினமும் கடந்துபோகிற உயிரியல் மாணவர்கள் பலருக்கு இந்தப் படம் அங்கே பிறந்தது என்று தெரியாதது எனக்கு வருத்தம்.

வடிவத்தைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இமாட்டினிபைச் சொல்வேன். நாள்பட்ட மைலாய்ட் ரத்தப்புற்றில், ஏபிள் என்ற கைனேஸ் வேறொரு புரதத்தோடு ஒட்டிப் பிறந்து, அணையாத விளக்காகிவிடுகிறது. இமாட்டினிப் போய் அமர்வது அதன் செயலற்ற வடிவத்தில். அந்த வடிவத்திலேயே பூட்டிவிடுகிறது. அமெரிக்காவில் 2001-ல் அனுமதி கிடைத்தது. தினம் ஒரு மாத்திரையில் அந்த நோயாளிகள் பல வருடம் வாழ்கிறார்கள். என் சார்க்கிலும் மருந்து அமர வேண்டிய பள்ளம் ஏறக்குறைய அதேதான். இருந்தும் அந்த மருந்து சார்க்கை இறுகப் பிடிப்பதில்லை. அந்தச் செயலற்ற வடிவத்துக்கு வளைந்துகொடுப்பதில் இரண்டும் ஒன்றல்ல. பள்ளத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, புரதம் எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டும். இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட வழக்கை 2013 ஏப்ரல் 1 அன்று நம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மாத்திரை நம்மூர் விலையில் கிடைப்பது தொடர்ந்தது.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மதியத்துக்குள் மரங்கள் சாய்ந்து மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் சில மணி நேரம் ஓடி நின்றது. மைனஸ் 80 ஃப்ரீசரில் எட்டுப் பேருடைய பல வருட உழைப்பு. கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். கதவில் நாடா ஒட்டி “திறக்காதே” என்று எழுதினேன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்த அண்ணன், சாய்ந்த மரங்களைத் தாண்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாயங்காலம் வந்து நின்றார். வாசலில் இருந்தே, “நைட்ரஜன் கேன் எத்தனை இருக்கும்மா?” என்று கேட்டார். மூன்று இருந்தது. எதை முதலில் திரவ நைட்ரஜனுக்கு மாற்ற வேண்டும் என்று டார்ச் வெளிச்சத்தில் பட்டியல் போட்டோம். மறுபடி செய்ய முடிந்தவை கடைசி. சார்க் ட்யூப்கள் முதல் கேனில் போயின. ஒரு வாரம் கழித்து அவற்றில் ஒன்றை ஐஸில் வைத்து இளக்கி அளந்தேன். வேகம் குறையவில்லை.

இப்போது என் மாணவர்கள் கேட்பது வேறு. ஆல்ஃபாஃபோல்ட் வந்துவிட்டது. 2022-லேயே 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்குக் கணித்த அமைப்பு எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டது. 1971-ல் புரத அமைப்புகளின் பொது வங்கி தொடங்கியபோது அதில் இருந்தவை 7. கணிப்பைச் சாதித்த ஜான் ஜம்பருக்கும் டெமிஸ் ஹசாபிஸுக்கும், புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் 2024 வேதியியல் நோபல். “மேடம், இனிமே கோல்ட் ரூம் எதுக்கு?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

நான் ஆல்ஃபாஃபோல்டைத் தினமும் பயன்படுத்துகிறேன். எனக்கு ஏழு மாதம் பிடித்த தவறுகளில் சிலவற்றை அது ஒரு மதியத்தில் தவிர்த்துவிடும். எந்த இடத்தில் சரத்தை வெட்டினால் அங்கம் முழுதாக வரும் என்று அதைப் பார்த்துத்தான் இன்று முடிவு செய்கிறோம். அந்த மாணவனை உட்கார வைத்து, சார்க்கின் கணிப்பைத் திரையில் திறக்கச் சொன்னேன். நடுவில் நீலம், உறுதி. முதல் எண்பது அமினோ அமிலங்கள் ஆரஞ்சும் மஞ்சளுமாக, நூடுல்ஸ் போல அவிழ்ந்து கிடந்தன. மென்பொருளின் குறை இல்லை அது. அந்தப் பகுதிக்கு நிலையான வடிவமே கிடையாது. சார்க்கைச் செல்லின் சவ்வில் பிடித்து வைக்கும் முனை அங்கேதான் இருக்கிறது. வாலில் பாஸ்பேட் இருக்கும்போது எப்படி, இல்லாதபோது எப்படி, எத்தனை வேகத்தில் ஒன்று மற்றதாகிறது, மருந்து வந்தால் எந்தப் பக்கம் சாய்கிறது? இதற்கெல்லாம் அந்த ஒரு படம் பதில் சொல்லாது. ட்யூபில் எடுத்து அளந்தால்தான் சொல்ல முடியும். அவன் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நல்ல கை அவனுக்கு.

கல்லூரிகளில் உயிர்வேதியியல் நடத்துகிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புரதத்தின் நான்கு நிலை அமைப்பைப் பலகையில் வரைந்து முடித்த அன்று, பிள்ளைகளுக்கு லைசோசைம் படிகத்தை வளர்க்கக் கொடுங்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொஞ்சம் லைசோசைம் பொடி, அசிட்டேட் பஃபர், உப்பு, கவர் ஸ்லிப், கிரீஸ், உங்கள் ஆய்வகத்தில் இருக்கிற பழைய மைக்ரோஸ்கோப். சாயங்காலம் துளியைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும். காலையில் அவர்களே வந்து பார்க்கட்டும், ஊசியால் தொட்டும் பார்க்கட்டும். பொடியைக் கரைக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். யாராவது ட்யூபைக் குலுக்கினால் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துங்கள்.